ஈர மூலைக்கு ஒரு பெரணி சொல்லும் பாடம்

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது விஷயம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பின் பிளாக்குக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தாழ்வான மூலை. மழை பெய்தால் நாலைந்து நாள் தண்ணீர் நிற்கிறது, சேறாகிறது, கொசு வருகிறது. அதனால் சிமெண்ட் போட்டு பேவர் பிளாக் பதித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அதை முடிவு செய்வதற்கு முன்னால், ஈரம் நிற்கிற இடத்தில் என்ன வளர்க்கலாம் என்று கொஞ்ச நேரம் பேசும்படி தோட்டக் குழுவில் என்னிடம் சொன்னார்கள்.

நான் ஒரு செடியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். அது நம்ம ஊரில் வளராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்ததும் யாரும் செல்போனை எடுத்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். வளராத செடியைப் பற்றி எதற்குப் பேச்சு என்று கேட்பீர்கள். ஈரமான மண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அந்தச் செடியை வளர்ப்பவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளலாம். அந்தச் செடிக்கு நேர்ந்த கெடுதலிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். அதற்காகத்தான்.

ராஜப் பெரணி

செடியின் பெயர் ராயல் ஃபெர்ன். தாவரவியல் பெயர் ஆஸ்முண்டா ரெகாலிஸ். 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர். ரெகாலிஸ் என்றால் ராஜாவுக்கு உரியது என்று அர்த்தம். நாம் ராஜப் பெரணி என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரணி என்றதும் நமக்கு வராந்தாவில் தொங்கும் தொட்டி ஞாபகம் வரும். இது அந்த அளவு இல்லை. தோட்டத்தில் சாதாரணமாக நாலு முதல் ஆறு அடி வளரும். நல்ல ஈரமும் வயதும் சேர்ந்தால் ஓர் ஆளை மறைக்கும் உயரம் வரும். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆற்றங்கரை, சதுப்பு நிலம், ஓடைக்கரை போன்ற இடங்களில் தானாக வளர்வது. அயர்லாந்தில் கில்லார்னி ஏரிப் பகுதி இதற்குப் பேர் போனது.

பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஸ்போர் என்கிற தூள்தான் அதற்கு விதை மாதிரி. பெரும்பாலான பெரணிகளில் அந்தத் தூள் இலையின் அடிப்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகளாக இருக்கும். பூச்சி பிடித்துவிட்டது என்று நினைத்து மருந்து அடிப்பவர்களும் உண்டு. ராஜப் பெரணியில் அப்படி இல்லை. ஓலையின் நுனிப் பகுதி மட்டும் பச்சையை விட்டுவிட்டு, பழுப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பூங்கொத்து மாதிரியே இருக்கும். அதனால் பூக்கும் பெரணி என்றும் இதைச் சொல்வார்கள்.

என் மகள் இங்கிலாந்தில் இருப்பதால் இரண்டு முறை அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கினேன். அங்கே பெரிய தோட்டங்களில் குளத்தங்கரையில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தோட்டக்கலைச் சங்கம், ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டி, தோட்டத்துக்கு நம்பி வைக்கலாம் என்று பரிந்துரைக்கும் விருதை இந்தப் பெரணிக்குக் கொடுத்திருக்கிறது.

அவர்கள் எப்படி வளர்க்கிறார்கள்

இதற்கு வேண்டியவை மூன்றே விஷயங்கள்.

முதலாவது, காயாத மண். தொட்டால் கையில் ஈரம் தெரிய வேண்டும். நிழலில்தான் வைக்க வேண்டும் என்று இல்லை. வேர் எப்போதும் ஈரத்தில் இருந்தால் வெயிலையும் தாங்கும். வேர் காய்ந்தால் நிழலில் வைத்தாலும் ஓலை கருகிவிடும்.

இரண்டாவது, சுண்ணாம்பு இல்லாத மண். கொஞ்சம் அமிலத் தன்மை உள்ள, மக்கிய இலை நிறையக் கலந்த மண் இதற்குப் பிடிக்கும்.

மூன்றாவது, இடமும் பொறுமையும். முழு அளவுக்கு வர ஐந்து முதல் பத்து வருஷம் ஆகும். நம் ரெக்கரிங் டெபாசிட் மாதிரி. முதல் வருஷ பாஸ்புக்கைப் பார்த்துச் சலித்துக்கொண்டால் ஆகாது.

பக்கத்தில் என்ன வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ராஜப் பெரணி ஒரே இடத்தில் தூர் கட்டி நிற்கிற செடி. பக்கத்து இடத்தை ஆக்கிரமிக்காது. அதனால் அதன் காலடியில் ஈரம் விரும்பும் ஐரிஸ், பிரிமுலா, ஹோஸ்டா போன்றவற்றை நடுகிறார்கள். ஆஸ்ட்ரிச் ஃபெர்ன் என்று இன்னொரு பெரணி உண்டு. அதன் ஓலைகள் நெருப்புக்கோழி இறகு மாதிரி வட்டமாக நிற்கும். அதுவும் ஈரம் விரும்பும், அதுவும் குளிர்காலத்தில் பட்டுப்போகும். ஆனால் மண்ணுக்கடியில் கொடி ஓட்டி அக்கம்பக்கமெல்லாம் குட்டி போட்டுவிடும். சென்சிடிவ் ஃபெர்ன் என்று மூன்றாவது ஒன்று. முதல் பனி விழுந்ததும் அதன் ஓலைகள் கருகிவிடும் என்பதால் அந்தப் பெயர். அதுவும் பரவுகிற ஜாதி. பெரிய இடம் இருந்தால் பரவுவதை வைக்கலாம், சின்ன இடம் என்றால் நின்ற இடத்தில் நிற்பதை வைக்க வேண்டும். எந்தச் செடிக்கும் இது பொருந்தும்.

காய்ந்தால் செத்ததாக அர்த்தமா?

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ராஜப் பெரணி இலையுதிர் வகை. அங்கே அக்டோபர் வாக்கில் ஓலையெல்லாம் மஞ்சளாகி, பொன்னிறமாகி, பிறகு பழுப்பாகித் தொங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் பார்த்தால் ஒரு குப்பைக் குவியல் மாதிரிதான் இருக்கும். நம் ஊரில் இருந்தால் தோட்டக்காரரைக் கூப்பிட்டு, "இதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒரு செம்பருத்தி வைப்பா" என்று சொல்லிவிடுவோம்.

அவர்கள் பிடுங்குவதில்லை. அந்தக் காய்ந்த ஓலையைக்கூட வெட்டாமல் தூரின் மேலேயே விட்டுவைக்கிறார்கள். அதுதான் தூருக்குப் போர்வை. மைனஸ் 15 டிகிரி குளிரையும் அந்தத் தூர் தாங்கும். வசந்த காலம் தொடங்கும்போதுதான் காய்ந்ததை வெட்டி எடுக்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் தூரிலிருந்து சுருள் சுருளாக முளை கிளம்பும். ஒவ்வொரு சுருளின் மேலும் பழுப்புப் பஞ்சு சுற்றியிருக்கும். பிடில் வாத்தியத்தின் தலை மாதிரி வளைந்திருக்கும் அந்தச் சுருள், சில வாரத்தில் நாலடி ஓலையாக விரிந்துவிடும்.

நான் பேங்க்கில் இருந்தவன், அதனால் இப்படிச் சொன்னால் எனக்குச் சுலபம். ஒரு சேமிப்புக் கணக்கில் இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லை என்றால் அதைச் செயல்படாத கணக்கு என்று தனியாக வைப்பார்கள். அதற்காக உள்ளே இருக்கும் பணம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போனால்கூட, உரியவர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கவுண்டரில் வருகிற வாடிக்கையாளர்கள் பதறிப்போவார்கள். "ஐயா, பணம் பத்திரமாக இருக்கிறது, அடையாளச் சான்று மட்டும் கொண்டுவந்து கணக்கை மறுபடி ஓட விடுங்கள்" என்று சொல்லி அனுப்புவோம். இலையுதிர் பெரணியும் அப்படித்தான். ஓலை என்பது அந்த வருஷத்து வட்டி. முதல் தூரில் இருக்கிறது. வட்டி வராத மாதத்தில் முதலைத் தூக்கிக் குப்பையில் போட்டால் நஷ்டம் யாருக்கு?

இது வெளிநாட்டுக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை. பொங்கலுக்கு வாங்குகிற மஞ்சள் கொத்து பச்சையாக இருக்கும். அதே மஞ்சளை நிலத்தில் விட்டால் தை, மாசியில் இலை பழுத்துக் காய்ந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். சேனைக்கிழங்கும் அப்படித்தான். நம் மாநில மலரான செங்காந்தளும் காய்ந்து, மறைந்து, மழை வந்ததும் கிழங்கிலிருந்து கிளம்புகிற கொடிதான். அங்கே குளிருக்காகத் தூங்குகிறது, இங்கே வறட்சிக்காகத் தூங்குகிறது.

இப்படிக் காத்திருக்கும் வழக்கம் இந்தப் பெரணிக் குடும்பத்துக்கு எவ்வளவோ பலன் கொடுத்திருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் எரிமலைப் படிவத்தில் கிடைத்த ஒரு பெரணித் தண்டின் கல்லுருவத்தைப் பற்றி 2014-ல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. அதன் வயது சுமார் 18 கோடி ஆண்டு. அந்தக் கல்லுக்குள் செல்லின் உட்கருவும் குரோமோசோமும்கூடத் தெரிந்தன. இன்றைக்கு இருக்கும் இந்தக் குடும்பத்துப் பெரணியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பெரிய வித்தியாசமே இல்லை என்று கண்டார்கள். டைனோசர் இருந்த காலத்து முதலீடு இன்னும் நடப்புக் கணக்கில் இருக்கிறது.

ஆசையால் வந்த அழிவு

18 கோடி ஆண்டு தாக்குப்பிடித்த குடும்பம், மனிதனின் ஆசை முன்னால் தடுமாறிய கதையும் உண்டு.

1829-ல் லண்டனில் வார்டு என்கிற மருத்துவர், ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவைக் கண்ணாடிக் குடுவைக்குள் ஈரமண்ணில் வைத்து மூடிவைத்தார். உள்ளே ஒரு பெரணி முளைத்தது. லண்டன் புகையில் அவர் தோட்டத்தில் வைத்த பெரணியெல்லாம் செத்துக்கொண்டிருக்க, மூடிய குடுவைக்குள் இது நன்றாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் வார்டியன் பெட்டி என்கிற கண்ணாடிப் பெட்டி வந்தது. கப்பலில் செடிகளை உயிரோடு கொண்டுபோக அது பெரிய வசதியானது. ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்கு அனுப்பியதும் அந்த மாதிரிப் பெட்டிகளில்தான்.

அதே பெட்டி இங்கிலாந்து வீடுகளின் வரவேற்பறைக்கும் வந்தது. எல்லோருக்கும் பெரணி வளர்க்கும் பைத்தியம் பிடித்தது. அதற்கு டெரிடோமேனியா, அதாவது பெரணிப் பித்து, என்று 1855-ல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் பெயரே வைத்துவிட்டார். ரயில் வசதியும் வந்துவிட்டதால் ஜனங்கள் டெவன், கார்ன்வால் பக்கம் போய்க் கூடை கூடையாகத் தோண்டிக்கொண்டு வந்தார்கள். வியாபாரிகளும் தோண்டி விற்றார்கள். ராஜப் பெரணிதான் பார்க்கப் பெரியது, கம்பீரமானது. அதனால் அதற்குத்தான் அடி அதிகம்.

அதற்குமேல் இன்னொரு தொல்லை. இந்தப் பெரணியின் வேர் கறுப்பாக, கம்பி மாதிரி, பின்னிப் பின்னி வளரும். காற்றும் போகும், ஈரமும் நிற்கும். ஆர்கிட் வளர்ப்பவர்கள் தொட்டியில் போட இதைவிட நல்ல பொருள் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். ஆஸ்முண்டா நார் என்று பெயர். பல வருஷம் சேர்ந்த வேர்த்தொகுதியை வெட்டி எடுத்துத் துண்டு போட்டு விற்றார்கள். பிறகு மரப்பட்டைத் துண்டுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. சதுப்பு நிலங்களை வடிகால் வெட்டிக் காயவைத்து விவசாயத்துக்குத் திருப்பியது இன்னொரு காரணம். எல்லாம் சேர்ந்து, இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நிறைய இருந்த பல இடங்களில் இது இல்லாமலே போய்விட்டது.

போனது ஏன் சுலபமாகத் திரும்பி வரவில்லை? பெரும்பாலான பெரணிகளின் ஸ்போர் பழுப்பாக இருக்கும், பல வருஷம் கெடாது. ராஜப் பெரணியின் ஸ்போர் பச்சை நிறம். சில நாள், அதிகம் போனால் சில வாரத்துக்குள் அது ஈரமான இடத்தில் விழுந்தாக வேண்டும். விழுந்தால் முதலில் நகக்கண் அளவில் இதய வடிவத்தில் ஒரு சின்னப் பச்சைத் தகடு உண்டாகும். அதன்மேல் தண்ணீர்ப் படலம் இருந்தால்தான் ஆண் அணு நீந்திப் போய்ப் பெண் அணுவோடு சேரும். அதற்குப் பிறகுதான் பெரணிக் குட்டியே வரும். இத்தனைக்கும் அடிப்படை, காயாத ஒரு துண்டு மண். செடியைப் பிடுங்கினால் ஒரு செடி போகும். ஈரத்தை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறையே போகும்.

இப்போது அங்கே சட்டம் இருக்கிறது. 1981-ல் வந்த வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டப்படி, நிலத்துக்கு உரியவர் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்கக் கூடாது. தோட்டத்துக்கு வேண்டுமென்றால் நர்சரியில் ஸ்போரிலிருந்து வளர்த்ததை வாங்குகிறார்கள்.

இதற்கு நேர்மாறான கதை நியூசிலாந்தில். அங்கே தோட்ட அழகுக்காகக் கொண்டுபோன இதே பெரணி, சதுப்பு நிலங்களில் புகுந்து உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. அதனால் அங்கே இது தடை செய்யப்பட்ட களை. ஒரு ஊரில் காப்பாற்ற வேண்டிய செடி, இன்னொரு ஊரில் விரட்ட வேண்டிய செடி. செடியில் குற்றம் இல்லை, இடம்தான் வேறு.

நம் பக்கத்தில்

இதன் நெருங்கிய உறவுக்காரப் பெரணி நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கரைகளில் இருக்கிறது. பழைய புத்தகங்களில் இரண்டையும் ஒன்றாகவே எழுதியிருந்தார்கள், இப்போது தனிப் பெயர். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் என்கிற அதிகாரி, 1860-களிலேயே தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிப் படங்களோடு ஒரு பெரிய புத்தகம் மதராஸில் வெளியிட்டிருக்கிறார். நம் மலைகளில் அவ்வளவு வகை இருக்கிறது.

இதில் ஒரு வேண்டுகோள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு டூர் போகும்போது ரோட்டோரம் நிற்கிற பெரணியை வேரோடு எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வருவது நம்மில் பலருக்கு வழக்கம். அது சென்னை வெயிலில் ஒரு கோடையைத் தாண்டுவது கஷ்டம். அங்கே இருந்ததும் போய், இங்கே வந்ததும் போய், இரண்டு பக்கமும் செலவுதான். தயவுசெய்து வேண்டாம்.

சமவெளியில் நமக்கென்று ஒரு ஈரப் பெரணி உண்டு. அதைப் பெரணி என்றே நமக்குத் தெரியாது. ஆரைக்கீரை. நீராரை என்றும் சொல்வார்கள். குளத்தங்கரையிலும் வயல் வரப்பிலும் நாலு இலை சேர்ந்து குடை மாதிரி நிற்குமே, அதுதான். மூன்று இலையோடு புளிப்பாக இருக்கும் புளியாரை வேறு, அது பூக்கிற செடி. ஆரை பூக்காது. அதன் இளம் இலையைப் பார்த்தால் பெரணி மாதிரியே சுருண்டிருக்கும். ராத்திரியில் நாலு இலையும் மடிந்து தூங்கும்.

குளம் வற்றினால் ஆரையின் இலையெல்லாம் காய்ந்து காணாமல் போய்விடும். ஆனால் காம்பின் அடியில் மிளகு மாதிரி கெட்டியான சின்ன உருண்டைகளை விட்டுவைக்கும். உள்ளே ஸ்போர். அந்த உருண்டை பல பத்தாண்டுகள் காய்ந்து கிடந்தாலும் உயிர் போகாது. தண்ணீர் வந்து, ஓடு இளகினால் மறுபடி ஆரை. ராஜப் பெரணியின் ஸ்போர் சில வாரத்தில் முடிகிற கரண்ட் அக்கவுண்ட் என்றால், ஆரையினுடையது ஃபிக்ஸட் டெபாசிட்.

நம் மூலைக்கு வருவோம்

இப்போது அந்த மூலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அளவு 20 அடிக்கு 15 அடி, 300 சதுர அடி, அதாவது சுமார் 28 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னைக்கு ஆண்டு சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அப்படியானால் அந்த மூலையின் மேல் மட்டும் வருஷத்துக்கு 39,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் மூன்று லாரிக்கு மேல். பின் பிளாக் மாடியிலிருந்து குழாயில் அங்கே வந்து சேருவது தனி. அது பல மடங்கு. எல்லாமே மண்ணுக்குள் இறங்காது, ஆவியாகப் போவது உண்டு. ஆனால் பேவர் பிளாக்குக்குக் கீழே கான்கிரீட் போட்டால் கொஞ்சம்கூட இறங்காது. 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. 2015-ல் வெள்ளத்தையும் 2019-ல் காலிக் குடத்தையும் பார்த்தவர்கள் நாம். தண்ணீர் தானாகத் தேடி வருகிற ஒரே மூலையை நாமே அடைக்க வேண்டுமா?

எதிர்த்துச் சொல்லப்படும் காரணங்கள் மூன்றும் நியாயமானவை. அவற்றுக்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார முடியாது.

கொசு. நம் ஊர் வெப்பத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் தண்ணீர் இரண்டு மூன்று நாளுக்குமேல் வெளியில் தெரியும்படி நிற்கக் கூடாது. களிமண்ணை இரண்டடி தோண்டி, ஜல்லியும் மணலும் போட்டு, நடுவில் ஒரு உறிஞ்சுகுழி வைத்தால் மேலே மண் ஈரமாக இருக்கும், தண்ணீர் தேங்காது. ஈரம் வேறு, தேக்கம் வேறு. பெரணிகளில் பலவும் தேக்கத்தில் அழுகும், ஈரத்தில் செழிக்கும்.

வழுக்கல். இதுதான் எனக்கும் கவலை. அறுபது தாண்டியவர்கள் நம்மில் பாதிப் பேர் இருக்கிறோம், ஒரு முறை விழுந்தால் எழுந்திருக்க மாதக்கணக்கு ஆகும். அதனால் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு, சொரசொரப்பான கல் பாதை போடலாம், கைப்பிடிக் கம்பியோடு. பேவர் பிளாக் வேண்டும் என்பவர்களுக்கு அந்த மூன்றடி. மீதி மண்ணாகவே இருக்கட்டும்.

பாம்பு, பூச்சி. அடர்த்தியான புதரும் குப்பையும் இருந்தால்தான் அந்தப் பயம். உயரமான செடியைப் பின்னால் வைத்து, முன்பக்கம் தாழ்வாக வைத்து, மாதம் ஒரு முறை சுத்தம் செய்தால் போதும்.

என்ன நடலாம்? நடுவில் ஈரம் அதிகமாக இருக்கும் இடத்தில் கல்வாழை, சேம்பு, வசம்பு. ஓரத்தில் வல்லாரை. சுவர் நிழலில், கொஞ்சம் மேடாக்கி, நர்சரியில் சுலபமாகக் கிடைக்கும் பாஸ்டன் ஃபெர்ன், பேர்ட்ஸ் நெஸ்ட் ஃபெர்ன். ஆரையைத் தரையில் விட்டால் பரவும், வயலில் அதைக் களை என்றுதான் பிடுங்குவார்கள். அதனால் ஓட்டை இல்லாத அகலத் தொட்டியில் வைத்து, இரண்டு கப்பி மீன் விட்டால் கொசுப் புழுவையும் அது பார்த்துக்கொள்ளும். மாடித் தண்ணீர் வந்து சேரும் மூலையில் வளர்ந்த கீரையைச் சமைக்க வேண்டாம், பார்வைக்கு மட்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு அதிகம். அதைப் பெரணிக்கு ஊற்றாதீர்கள், ஓலை நுனி கருகும். நம் போர் தண்ணீருக்கும் அதே குறை உண்டு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. பின் பிளாக்கில் அத்தனை ஏசி இருக்கிறது. எல்லாம் சுவரில் வழிந்து பாசி பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு குழாய் போட்டு அந்த மூலைக்குத் திருப்பினால் கோடையிலும் பெரணிக்குத் தண்ணீர் கிடைக்கும், சுவரும் பிழைக்கும்.

கடைசியாக, கோடை வரும். சேம்பு வாடும். ஆரை காய்ந்து தொட்டி வெறும் மண்ணாகத் தெரியும். அப்போது, "பார்த்தீர்களா, பணம் வீணாப் போச்சு" என்று யாராவது வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போடுவார்கள். அதற்காகத்தான் ராஜப் பெரணியின் கதையை இவ்வளவு நீட்டினேன். பிடுங்குவதற்கு முன்னால் தூரை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. அழுகி மெத்தென்று இருந்தால் மட்டும் எடுக்கலாம். நம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடமும் இதைச் சொல்லி, எந்தச் செடி எந்த மாதத்தில் தூங்கும் என்று ஒரு சின்னப் பலகை எழுதி அங்கே வைத்துவிடலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பேவர் பிளாக் யோசனையைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. ஒரு வடகிழக்குப் பருவமழையும் அதற்கடுத்த கோடையும் முடியும்வரை தள்ளிவைக்கச் சொல்கிறேன். உறிஞ்சுகுழியும் மூன்றடிப் பாதையும் முதலில் செய்வோம். தண்ணீர் எத்தனை நாளில் இறங்குகிறது என்று தோட்டக் குழு ஒவ்வொரு மழைக்கும் நோட்டில் குறித்துவைக்கும். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அந்த நோட்டை உங்கள் முன் வைக்கிறோம். மூன்று நாளில் இறங்கவில்லை என்றால் நானே கையைத் தூக்கி பேவர் பிளாக்குக்கு ஓட்டுப் போடுகிறேன். சிமெண்ட்டை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு எடுப்பதுதான் கஷ்டம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த மூலையில் அளவு எடுக்கப் போகிறோம். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள், இல்லாதவர்கள் சும்மா வந்து யோசனை சொல்லுங்கள்.